தபால் வாக்கு (இந்தியா)

தபால் வாக்கு என்பது வாக்குச்சாவடிக்கு நேரில் செல்ல இயலாத சில வகை வாக்காளர்கள், அச்சிட்ட வாக்குச்சீட்டில் குறியிட்டு உறையிலிட்டு அளிக்கும் வாக்கு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951, 60ஆம் பிரிவு இதற்கு இடமளிக்கிறது. நடைமுறையை 1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகள் வகுக்கின்றன. பெயர் தபால் என்றிருந்தாலும், இன்று இவ்வாக்குகளில் பெரும்பகுதி தபால் பெட்டியைப் பார்ப்பதே இல்லை. முதியோரின் வாக்கை அலுவலர்கள் வீட்டுக்கே வந்து பெறுகிறார்கள். தேர்தல் பணியாளர்கள் தங்களுக்கென அமைக்கப்படும் மையத்தில் பெட்டியில் போடுகிறார்கள்.

இராணுவத்தினர், வெளிநாட்டில் பணியமர்த்தப்பட்ட அரசு ஊழியர்கள், அவர்களோடு வசிக்கும் வாழ்க்கைத் துணைவர் ஆகியோர் பணி வாக்காளர்கள். இவர்களுக்கு 2016 முதல் வாக்குச்சீட்டு இணையவழி போகிறது. இம்முறை முதலில் சோதிக்கப்பட்டது அவ்வாண்டு நவம்பரில், புதுச்சேரி நெல்லித்தோப்பு இடைத்தேர்தலில். சீட்டு செல்லும் வழி மட்டுமே மின்னணு; வாக்காளர் அதை அச்செடுத்துக் குறியிட்டு அஞ்சலில்தான் திருப்பி அனுப்ப வேண்டும். எல்லையில் இருப்பவருக்குச் சீட்டு போய்ச் சேரவே ஆகிவந்த நாட்கள் இதனால் மிச்சமாயின.

தேர்தல் பணியில் இருப்போர் படிவம் 12இல் தேர்தல் நடத்தும் அலுவலருக்கு விண்ணப்பிக்க வேண்டும். மக்களவைத் தேர்தலில் தம் சொந்தத் தொகுதிக்குள்ளேயே பணி கிடைத்தவருக்குத் தபால் வாக்கு தேவையில்லை. படிவம் 12ஏ கொடுத்துப் பணிச் சான்று பெற்றால், பணிபுரியும் சாவடியிலேயே இயந்திரத்தில் வாக்களிக்கலாம்.

முதியோருக்கும் 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் தபால் வாக்கு வசதி 2019இல் வந்தது. தொடக்கத்தில் 80ஆக இருந்த வயது வரம்பு, 2024 மார்ச்சில் 85ஆக உயர்த்தப்பட்டது. விருப்பமுள்ளவர் தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாட்களுக்குள் படிவம் 12டி அளிக்க வேண்டும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கே வந்து படிவம் தந்து, பூர்த்தி செய்ததைப் பெற்றுச் செல்வது வழக்கம். பின்னர் முன்கூட்டித் தெரிவித்த நாளில் இரண்டு வாக்குப்பதிவு அலுவலர்கள், காவலர், ஒளிப்பதிவாளர் ஆகியோர் வருவார்கள். வேட்பாளர்களின் முகவர்களும் உடன் வரலாம். ஆனால் வாக்களிக்கும் வேளையில் எவரும் பார்க்காதபடி மறைவு அமைத்துத் தர வேண்டும். வீட்டில் ஆளில்லாவிட்டால் மேலும் ஒரு முறை வருவார்கள்; அதற்குப் பிறகு வருவதில்லை. தபால் வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறியவர் மனம் மாறிச் சாவடிக்குப் போனாலும் அங்கே வாக்களிக்க முடியாது. விண்ணப்பிக்குமுன் குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டியது இதைத்தான்.

வாக்காளர் கைக்கு வருபவற்றில் முக்கியமானவை நான்கு: வாக்குச்சீட்டு, 13ஏ உறுதிமொழி, 13பி உள்ளுறை, 13சி வெளியுறை. குறியிட்ட சீட்டை மட்டும் உள்ளுறையில் வைத்து ஒட்ட வேண்டும். உறுதிமொழியில் சீட்டின் வரிசை எண்ணை எழுதி, கையெழுத்திட்டு, அதற்கு உரிய அலுவலரின் சான்றொப்பம் பெற்று, அதை உள்ளுறைக்கு வெளியே, வெளியுறைக்குள் வைக்க வேண்டும். எண்ணும் மேசையில் முதலில் பார்க்கப்படுவது இந்த உறுதிமொழிதான். அது இல்லாவிட்டாலோ, அதிலுள்ள எண் உள்ளுறையின் மேலுள்ள எண்ணோடு ஒத்துப்போகாவிட்டாலோ, உள்ளுறை திறக்கப்படாமலே வாக்கு தள்ளுபடியாகும். யாருக்கு வாக்களித்தார் என்று எவரும் பார்க்கும் முன்பே ஒரு வாக்கு செத்துப்போவது இவ்விடத்தில்தான்.

இதன் எடையைத் தமிழகம் 2016இல் இராதாபுரத்தில் கண்டது. அ.தி.மு.க.வின் இன்பதுரை தி.மு.க.வின் மு. அப்பாவுவை 49 வாக்குகளில் வென்றதாக அறிவிக்கப்பட்டது. 203 தபால் வாக்குகள், சான்றொப்பமிட்ட பள்ளித் தலைமையாசிரியருக்கு அந்த அதிகாரம் இல்லை என்ற காரணத்தால் நிராகரிக்கப்பட்டிருந்தன. அவருக்கு அதிகாரம் உண்டு என்று கூறி, 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் மறுஎண்ணிக்கைக்கு உத்தரவிட்டது. முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. ஒரு சான்றொப்பத்தைப் பற்றிய ஐயம், மூன்றாண்டுக்கு மேலாக ஒரு தொகுதியின் தீர்ப்பைத் தொங்கலில் வைத்தது.

எண்ணிக்கை நாளில் காலை 8 மணிக்குத் தபால் வாக்குகளே முதலில் எடுக்கப்படும். அதற்குள் வந்து சேராதவை கணக்கில் வாரா. வெற்றி வித்தியாசம் நிராகரித்த தபால் வாக்குகளின் எண்ணிக்கையைவிடக் குறைவானால், அவ்வாக்குகளை மீண்டும் சரிபார்த்த பின்பே முடிவை அறிவிக்க வேண்டும். இயந்திர வாக்குகளின் இறுதிக்கு முந்தைய சுற்றை, தபால் வாக்குகள் முழுதும் எண்ணப்பட்ட பிறகே தொடங்க வேண்டும் என்று தேர்தல் ஆணையம் 2025 செப்டம்பரில் அறிவுறுத்தியது.

தடுப்புக் காவலில் இருப்பவருக்குத் தபால் வாக்கு உண்டு. தண்டனைக் கைதிக்கும் விசாரணைக் கைதிக்கும் வாக்குரிமையே இல்லை. வெளிநாடுவாழ் இந்தியர்கள் 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம் என்றாலும், ஊருக்கு வந்துதான் வாக்களிக்க வேண்டும். பிழைப்புக்காக வேறு மாநிலத்தில் இருக்கும் தொழிலாளிக்கும் இதே நிலைதான். ஒரு நாள் கூலியையும் பயணச் செலவையும் இழந்தாலொழிய அவரால் வாக்களிக்க முடியாது. தபால் வாக்கு மிகவும் தேவைப்படும் பெருங்கூட்டம் இன்னும் அதற்கு வெளியே நிற்கிறது.