றபானும் கிற்றாரும்: திருகோணமலைத் துறையின் சொந்தப் பாட்டுகள்

கிழக்கிலங்கை முஸ்லிம்களின் வரலாறு என்று நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கும் நூல்களைப் புரட்டிப் பார்த்தால் குடியேற்றம், குடிவழி, வணிகம், காணி, பள்ளிவாசல், அரசியல் பிரதிநிதித்துவம், இனமுரண்பாடு என்று தலைப்புகள் நீண்டு செல்லும். பாட்டு என்றொரு தலைப்பு வந்தால் அது நாட்டார் பாடலோடு நின்றுவிடும். வயல் வேலையின்போதும் தாலாட்டின்போதும் பாடியிருக்கிறார்கள், அவ்வளவுதான் என்பது போல. அதற்குப் பின்னர் வானொலி வந்தது, கிற்றார் வந்தது, கசற் வந்தது. அவை வந்தபோது இந்தச் சமூகத்தின் காதுகள் எங்கே இருந்தன என்று எவரும் எழுதவில்லை.

இந்தக் கேள்வியை என்னிடம் முதலில் கேட்டவன் என் மருமகன். 2021ஆம் ஆண்டு. ஒரு பக்கம் ‘என்ஜாய் எஞ்சாமி’, இன்னொரு பக்கம் ‘மெனிக்கே மகே ஹித்தே’ என்று எல்லோருடைய கைத்தொலைபேசியும் பாடிக்கொண்டிருந்த வருடம். படத்துக்காக எழுதப்படாத பாட்டுகள், தாங்களே எழுதித் தாங்களே பாடித் தாங்களே வெளியிடுகிறவர்கள் என்று ஒவ்வொரு குழுவாகத் தேடிக் கண்டுபிடித்து எனக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தான். சென்னையில் 2018இன் தொடக்கத்தில் மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவைப் பற்றி அவனிடமிருந்துதான் விரிவாக அறிந்தேன். அப்படியொரு நாளில், “நம்மட பக்கத்துலயும் இப்படி ஆக்கள் இரிந்தாங்களா மாமா?” என்று கேட்டான்.

இருந்தார்கள். நமக்கு மிக அருகிலேயே, குடாவின் அக்கரையிலேயே இருந்தார்கள். அதைச் சொல்லவே இக்கட்டுரை.

1

குறிஞ்சாக்கேணி தண்ணீரால் பிரிக்கப்பட்ட ஊர். கிண்ணியாவுக்குப் போவதென்றாலும் நீரைக் கடக்க வேண்டும்; கிண்ணியாவிலிருந்து திருகோணமலைக்குப் போவதென்றாலும் நீரைக் கடக்க வேண்டும். 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்படும்வரை பட்டணத்துக்கான வழி ‘பாதை’தான். மிதவையில் ஆளையும் வண்டியையும் ஏற்றிக் கடத்துவதைத்தான் எங்கள் பக்கத்தில் பாதை என்போம். 2021 நவம்பர் 23 அன்று குறிஞ்சாக்கேணித் துறையில் அப்படியொரு பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் உள்ளிட்டோர் மாண்டதை நாடே அறியும். துறையைக் கடப்பது எங்களுக்கு என்றுமே இலேசான காரியமாக இருந்ததில்லை.

ஆனால் ஓசைக்குப் பாதை தேவையில்லை. துறைமுகங்களில் சரக்கோடு மெட்டும் இறங்கும். 1624இல் திருகோணமலையில் கோட்டை கட்டிய போர்த்துக்கீசர் போய்ச் சில நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. அவர்களுடைய மொழியின் ஒரு கிளையோ பாலையூற்றிலும் மட்டக்களப்பிலும் வாழும் பறங்கியரின் நாவில் நெடுங்காலம் நிலைத்தது. அதோடு நிலைத்தது ‘கஃப்ரிஞ்ஞா’ என்ற ஆட்டப்பாட்டு. வயலின், மண்டலின், கூடவே றபான் வைத்துக் கலியாண வீடுகளில் பாடப்படுவது அது.

றபான் என்ற சொல்லில் சற்று நிற்க வேண்டும். ஒரு பக்கம் தோல் கட்டிய இந்தக் கருவியைத்தான் பக்கீர்மார் கையில் ஏந்திப் பைத்துப் பாடினார்கள். சித்திரைப் புத்தாண்டுக்குச் சிங்களப் பெண்கள் சுற்றியிருந்து தட்டுவதும் றபான்தான். பறங்கியரின் கலியாண வீட்டில் ஒலிப்பதும் அதன் உறவுதான். அளவு வேறு, அடி வேறு, சொல் வேறு, குடும்பம் ஒன்று. எந்த இனத்துக்கு எது சொந்தம் என்று வரிசை பிரித்துப் பழகிவிட்ட இந்த மண்ணில், வரிசைக்குள் அடங்காமல் எல்லா வீட்டுத் திண்ணையிலும் ஏறி உட்கார்ந்த கருவி அது.

2

கஃப்ரிஞ்ஞாவின் தாளத்திலிருந்துதான் பைலா பிறந்தது. காலியில் பிறந்த வொலி பெஸ்டியன் என்ற பொலிஸ்காரர் அந்தத் தாளத்துக்குச் சிங்களச் சொற்களைப் போட்டுப் பாடி, அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தார். அறுபதுகளில் சிங்களத்தில் கிற்றார்க் குழுக்கள் எழுந்தன. கிளரன்ஸ் விஜேவர்தன, அனெஸ்லி மாலேவன ஆகியோரின் ‘மூன்ஸ்டோன்ஸ்’ அவற்றுள் பெயர் பெற்றது. 1970களில் சுனில் பெரேராவின் ‘ஜிப்சீஸ்’ வந்தது. ஹிந்திப் பட மெட்டுக்குச் சிங்களச் சொற்களைப் பொருத்திப் பாடிக்கொண்டிருந்த காலத்தில், சொந்த மெட்டுக்குச் சொந்தச் சொல் என்று இவர்கள் நின்றது சிறிய காரியமல்ல.

தமிழில் இதே காரியத்தைச் செய்தவர்களைப் பற்றிப் பேசும்போது திருகோணமலையிலிருந்தே தொடங்க வேண்டும். எம்.பி. பரமேஷ், எம்.பி. கோணேஷ் என்ற சகோதரர்கள் திருகோணமலைக்காரர்கள். கிற்றாரோடு குழு அமைத்துத் தாமே மெட்டமைத்துப் பாடினார்கள். இலங்கையில் வெளிவந்த தொடக்ககாலத் தமிழ் மெல்லிசைத் தட்டுகளைப் பற்றிய பேச்சில் பரமேஷின் பெயர் தவறாமல் வரும். அக்கால ஈழத்தில் இசைத்தட்டு என்பது இந்தியாவிலிருந்து கப்பலில் வரும் பொருள். அதை இங்கே ஓர் இளைஞர் தன் பாட்டுக்காக வெளியிடலாம் என்பதே பலருக்கு நம்பக் கடினமாக இருந்திருக்கும்.

இதே காலத்தில் யாழ்ப்பாணத்தவரான நித்தி கனகரத்தினம், அம்பாறை ஹார்டி தொழில்நுட்ப நிறுவனத்தில் விவசாயம் பயின்றபோது நண்பர்களுக்காகப் பாடத் தொடங்கிய பாட்டுகள் நாடெங்கும் பரவின. ‘சின்ன மாமியே’ என்ற பாட்டை அறியாத ஈழத்தவர் குறைவு. அதன் வலிமை அதன் பேச்சுமொழியில் இருந்தது. மாமியும் மருமகனும் வீட்டில் பேசுகிற சொற்களே மேடையில் ஒலித்தன. ஏ.ஈ. மனோகரன் பைலாத் தாளத்தை இன்னும் தொலைவுக்குக் கொண்டுபோனார். அவர் பாடிப் புகழ்பெற்ற ‘சுராங்கனி’, 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜாவின் இசையில் மறுவடிவம் பெற்றது. இந்தியாவிலிருந்து பாட்டு இறக்குமதியான தீவிலிருந்து இந்தியாவுக்கு ஒரு பாட்டு ஏற்றுமதியான அபூர்வ நிகழ்ச்சி அது. 2018 ஜனவரியில் சென்னையில் மனோகரன் காலமானபோது தமிழகப் பத்திரிகைகள் அவரைச் ‘சிலோன் மனோகர்’ என்றே குறிப்பிட்டன.

இவை ஏன் அந்தக் காலத்தில் நிகழ்ந்தன? திறமை எக்காலத்திலும் இருந்திருக்கும். அதற்கு இடம் கிடைத்தது எழுபதுகளில். 1970இல் வந்த அரசின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் இந்தியப் பத்திரிகைகளும் படங்களும் குறைந்தன. அந்த வெற்றிடத்தில் உள்ளூர் எழுத்து வளர்ந்ததை நம் இலக்கிய விமர்சகர்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். உள்ளூர்ப் பாட்டுக்கும் அதே கதவு திறந்தது என்பதை அவர்களில் பலர் சேர்த்துச் சொல்லவில்லை. இலங்கை வானொலியில் எஸ்.கே. பரராஜசிங்கம் போன்றோர் ஈழத்து மெல்லிசைக்கு நேரம் ஒதுக்கிப் போராடியதும் இக்காலத்தில்தான். பொப் இசை கொச்சையானது என்று பண்டிதர்கள் முகம் சுளித்தார்கள். இழிசனர் வழக்கு என்று மரபுப் பண்டிதர்கள் பேச்சுமொழி எழுத்தை ஒதுக்கியபோது எதிர்த்துப் பேசிய முற்போக்காளர்களும், பேச்சுமொழிப் பாட்டு என்று வந்தபோது அநேகமாக மௌனமாகவே இருந்தார்கள்.

3

இக்கரையில் நாங்கள் வெறுங்கையோடு இருக்கவில்லை. என் மூத்தம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் கவி சொல்லத் தொடங்கினால் அடுத்தவர் பதில் கவி சொல்லும்வரை நிறுத்த மாட்டார். ஆண் சொல்ல, பெண் மறுக்க, நான்கே அடிகளுக்குள் காதலும் கேலியும் ஏச்சும் வந்துபோகும் இந்தக் கவிகளை வீ.சீ. கந்தையா ‘மட்டக்களப்புத் தமிழக’த்தில் (1964) பதிவு செய்தார். பின்னர் எஸ். முத்துமீரான் ஊர் ஊராகத் திரிந்து தொகுத்தார். களிகம்பு என்றும் பொல்லடி என்றும் வழங்கும் கோலாட்டம், கலியாண வீட்டின் குரவை, முனாஜாத்து, கிஸ்ஸா, குணங்குடியாரின் ஞானப் பாடல்கள் என்று எங்கள் காது பல பதங்களில் பக்குவப்பட்டிருந்தது. சொந்தச் சொல்லில், சொந்த மெட்டில், எவர் அனுமதியும் கேளாமல் பாடுவதுதான் சுயாதீன இசை என்றால், மூத்தம்மா அக்கரைக் கிற்றார்காரர்களுக்கு முன்னோடி.

இசைத்தட்டு உலகுக்கும் முஸ்லிம்கள் அந்நியர்களல்லர். சிங்கள இசைத்தட்டின் தொடக்க காலத்தில் மெட்டமைத்தவர்களுள் முதன்மையானவர் கவுஸ் மாஸ்டர் என்ற முஸ்லிம். சேலத்தில் பிறந்து இங்கு வந்த மொஹிதீன் பேக் (1919–1991) பாடிய சிங்களப் பக்திப் பாடல்கள் இன்றும் வெசாக் பந்தல்களில் ஒலிக்கின்றன. வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சி இஸ்லாமிய கீதங்களை வீட்டுக்குள் கொண்டுவந்தது. பி.எச். அப்துல் ஹமீதின் குரலைக் கேட்டுத் தமிழ் உச்சரிப்பைத் திருத்திக்கொண்ட தலைமுறை ஒன்று உண்டு.

ஆனாலும் கவியிலிருந்து கிற்றாருக்கு ஒரு பாலம் எங்கள் பக்கத்தில் போடப்படவில்லை. மார்க்கம் தடுத்தது என்று சொல்வது எளிது. அது பாதி உண்மை. பெருநாளிலும் நிக்காஹ்விலும் தஃப் அடிப்பதைப் பெரும்பாலான அறிஞர்கள் அனுமதிக்கிறார்கள். ஏனைய கருவிகள் பற்றிக் கடுமையான கருத்து வேறுபாடு உண்டு. இமாம் கஸ்ஸாலி ‘இஹ்யா’வில் ஸமாஉக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கி விரிவாக ஆராய்ந்திருக்கிறார். இந்த விவாதத்தைத் தீர்த்துவைக்க எனக்குத் தகுதியில்லை. நான் சொல்ல வருவது வரலாறு பற்றியது. பாடலாமா என்பது மார்க்கக் கேள்வி. பாடினார்களா என்பது வரலாற்றுக் கேள்வி. முதலாவதற்கு ஒருவர் என்ன பதில் வைத்திருந்தாலும், இரண்டாவதன் பதிலை அழிக்கும் உரிமை அவருக்குக் கிடைத்துவிடாது.

4

குழு என்பது பாடகர் மட்டுமல்ல. அதற்கு இரவு வேண்டும், மின்சாரம் வேண்டும், ஒலிபெருக்கியை ஏற்றிப் போக வண்டி வேண்டும், நிகழ்ச்சி முடிந்து நள்ளிரவில் வீடு திரும்பப் பாதை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்து ஊர்க்காரன் பயமில்லாமல் வந்து முன்னால் உட்கார வேண்டும். 1983க்குப் பின் ஊரடங்கும் சோதனைச் சாவடியும் இரவை எடுத்துக்கொண்டன. 1990க்குப் பின் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் ஊருக்குள் மற்றவர் கால் வைக்கத் தயங்கினார்கள். குண்டு விழுந்தால் கட்டடம் இடிவதைக் கண்ணால் காணலாம். ஒரு மேடை இல்லாமல் போவதைக் காண முடியாது. அடுத்த வருடம் அது போடப்படாமலே இருக்கும், அவ்வளவுதான். பாடியவர்களில் எத்தனையோ பேர் ஐரோப்பாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போய்விட்டார்கள்.

இதற்கிடையில் இன்னொன்றும் நிகழ்ந்தது. 1977இன் திறந்த பொருளாதாரத்தோடும் மத்திய கிழக்கு உழைப்போடும் கசற் றேடியோ வீட்டுக்கு வீடு வந்தது. அதில் நாகூர் ஹனீபா பாடினார், இளையராஜாவும் வந்தார், பிறகு பயான் கசற்றுகளும் வந்தன. அதே இயந்திரத்தில் சிவப்புப் பொத்தான் ஒன்றும் இருந்தது. அதை அழுத்தினால் பதிவாகும். மூத்தம்மாவின் கவியைப் பதிய எங்கள் வீட்டில் எவருக்கும் தோன்றவில்லை. எவரும் தடுக்கவுமில்லை, அது பதிவதற்குரிய பொருள் என்று எவரும் எண்ணவில்லை. நூலகம் எரிந்தால் எரித்தவனைச் சுட்டலாம். இந்த இழப்புக்குச் சுட்ட ஆளில்லை.

5

பறங்கியரைப் பாருங்கள். மட்டக்களப்பு டச்பாரில் வாழ்ந்த அவர்களின் குடியிருப்பை 2004 சுனாமி துடைத்துச் சென்றது. எண்ணிக்கையில் மிகச் சிறிய சமூகம். ஆயினும் 2015ஐ அடுத்த ஆண்டுகளில் லிஸ்பன் பல்கலைக்கழக மொழியியலாளர் ஹியூகோ கார்டோசோவும் அவருடைய குழுவினரும் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் அம்மொழியையும் பாட்டுகளையும் ஒலியாகவும் காட்சியாகவும் பதிந்து ஆவணக் காப்பகத்தில் வைத்திருக்கிறார்கள். இன்று எவரும் அதைக் கேட்கலாம்.

நம்முடைய களிகம்பின் அடி எப்படி விழும், கவியின் மூன்றாம் அடியில் குரல் எங்கே ஏறும் என்பதை அச்சிட்ட தொகுப்பு சொல்லாது. கவிகளின் சொற்களைக் காப்பாற்றியிருக்கிறோம். மெட்டைக் காப்பாற்றவில்லை. எழுபதுகளின் துறைமுகக் குழுக்களைப் பற்றி ஓர் ஒழுங்கான நூலை நான் இதுவரை கண்டதில்லை. அக்கரைக் கிற்றாரையும் இக்கரை றபானையும் ஒரே அத்தியாயத்தில் வைத்து எழுதும் நூல் அதைவிடத் தொலைவில் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் கேட்ட காதுகள் உள்ள தலைமுறை இன்னும் சில வருடங்களே இருக்கும்.

மருமகனுக்கு நான் சொன்ன பதில் சுருக்கமானது. பரமேஷ், கோணேஷ் பெயர்களைச் சொன்னேன். ‘சுராங்கனி’யின் கதையைச் சொன்னேன். பிறகு அவனுடைய கைத்தொலைபேசியோடு பெரியாத்துமுனையில் இருக்கும் என் பெரியம்மாவிடம் அழைத்துப் போனேன். தொண்ணூறை நெருங்கும் வயது. முதலில் வெட்கப்பட்டார், தஸ்பீஹை மடியில் வைத்துவிட்டுப் பிறகு பதினொரு கவிகள் சொன்னார். இரண்டு கவிகளில் இடையில் சொல் மறந்து, “அந்தா வருதில்ல” என்று கையை விரித்தார். மருமகன் அதையும் வெட்டாமல் அப்படியே வைத்திருக்கிறான்.