வேலைநிறுத்தத்தில் மூன்றாவது தரப்பு

வேலைநிறுத்தம் என்றால் என்னவென்று திருப்பூருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1984இல் பஞ்சப்படிக்காக பனியன் தொழிலாளர்கள் 127 நாட்கள் வேலைக்குப் போகாமல் நின்ற ஊர் இது. அப்போது தனி உள்ளாட்சி அமைப்பாக இருந்து, 2011இல் மாநகராட்சியோடு இணைந்த நல்லூரிலும் பல குடும்பங்கள் பனியன் வேலையை நம்பியே பிழைக்கின்றன. இந்தத் தொழிலில் தகராறு வந்தால் போவதற்கு ஒரு பாதை உண்டு. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம் வகுத்த வழி அது: தொழிற்சங்கம் கோரிக்கை வைக்கும், தொழிலாளர் துறை சமரசம் பேசும், கடைசியில் கூலி ஒப்பந்தத்தில் இரு தரப்பும் கையெழுத்திடும். மூன்றாவது தரப்பான வெளிநாட்டு பையருக்கும் வழி உண்டு: சரக்கு தாமதமானால் அவர் விலையைக் குறைக்கலாம், ஆர்டரையே ரத்து செய்யலாம். ஆனால் திருப்பூரில் சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரியிலோ எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கலைக் கல்லூரியிலோ படிக்கும் பிள்ளைக்கு, ஆசிரியர் போராட்டத்தால் வகுப்பு நின்றுபோனால், இப்படியொரு பாதை நெடுங்காலம் இருக்கவில்லை.

காரணம் சட்ட வரலாற்றில் இருக்கிறது. கல்வி நிறுவனமும் அந்தத் தொழில் தகராறு சட்டத்தின் பார்வையில் ஒரு 'தொழில்'தான் என்று உச்ச நீதிமன்றம் 1978இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் சொன்னது. பத்தாண்டு கழித்து, 1988இல் சுந்தராம்பாள் வழக்கில், ஆசிரியர் அந்தச் சட்டம் சொல்லும் தொழிலாளி அல்ல என்று தீர்ப்பு வந்தது. ஆக, ஆசிரியரின் தகராறு தொழிலாளர் துறையின் சமரச மேசைக்குப் போவதில்லை. அரசோடு நேருக்கு நேர் மோதலாகவே முடிகிறது. 1987இல் ஊதியத்துக்காக நாடு முழுவதும் கல்லூரி ஆசிரியர்கள் நடத்திய நீண்ட வேலைநிறுத்தம் அப்படிப்பட்டது. 2003 ஜூலையில் தமிழ்நாட்டு அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் போராடியபோது ஏறத்தாழ 1.7 லட்சம் பேர் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள்; வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு உரிமை இல்லை என்று ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உரிமை உண்டா இல்லையா என்பதே எங்கும் கேள்வியாக இருந்தது. இழந்த பாடத்தை யார் ஈடுசெய்வது என்று கேட்க ஆளில்லை. நுகர்வோர் மன்றம் போகலாமென்றால், கல்வி விற்பனைச் சரக்கு அல்ல, மாணவர் நுகர்வோர் அல்ல என்று 2010இல் மகரிஷி தயானந்த் பல்கலைக்கழக வழக்கில் அந்தக் கதவும் சாத்தப்பட்டது. ஆசிரியர் தொழிலாளி அல்ல, மாணவர் நுகர்வோர் அல்ல என்ற இரண்டு 'அல்ல'களுக்கு நடுவில் மாணவரின் இழப்பு கணக்கிலேயே வராமல் போயிற்று.

இந்த நிலையை மாற்றும் வாய்ப்பு பல்கலைக்கழக மானியக் குழுவின் மாணவர் குறைதீர்ப்பு விதிகளில் இருக்கிறது. 2012இல் வந்து, 2019இல் மாற்றப்பட்டு, 2023 ஏப்ரலில் புதிதாக வெளியான விதிகள் இவை. சேர்க்கையின்போது உறுதியளித்த தரத்தில் கல்வி கிடைக்காததும், தேர்வோ முடிவோ காலம் தவறுவதும் இவற்றின்படி முறையான குறைகள். கல்லூரியின் மாணவர் குறைதீர்ப்புக் குழு 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். முடிவில் திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். திருப்பூர்க் கல்லூரிகளுக்கு அது பாரதியார் பல்கலைக்கழகம். குறைதீர்ப்பாளர் 30 நாட்களுக்குள் தீர்க்க முயல வேண்டும். மனு வலுவாக இருக்க கோபம் போதாது, கணக்கு வேண்டும். எந்தத் தாளில், எந்தத் தேதிகளில், எத்தனை மணி நேரம் வகுப்பு நடக்கவில்லை, எந்த அலகு மிச்சம் என்று எழுத வேண்டும். ஆண்டுக்கு 180 பயிற்று நாட்கள் என்ற மானியக் குழு அளவை மேற்கோள் காட்டி, ஈடு வகுப்புக்கான அட்டவணையையும் தேவைப்பட்டால் தேர்வுத் தேதி மாற்றத்தையும் கேட்க வேண்டும்.

போராடும் ஆசிரியரின் முதுகில் குத்துவதாகாதா இது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் 7,000க்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள் பாடம் நடத்துகிறார்கள். மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று 2019இல் மானியக் குழு சொன்ன பிறகும் பல ஆண்டுகள் இவர்கள் அதில் பாதிக்குமேல் கண்டதில்லை. ஆனால் மனு போவது ஆசிரியரின் பெயருக்கு அல்ல, நிர்வாகத்துக்கு. காலிப் பணியிடத்தை நிரப்பாததும் பேச்சுவார்த்தையை இழுத்தடிப்பதும் படிப்பை எவ்வளவு கெடுக்கிறது என்பதற்கு மாணவர் தரும் நாள்வாரிக் கணக்கைவிடப் பெரிய சாட்சி ஆசிரியருக்கும் கிடைக்காது. அகமதிப்பீட்டு மதிப்பெண்ணில் கைவைத்துவிடுவார்களோ என்ற அச்சமும் உண்மையானது. அதனால்தான் மனு ஒருவர் பெயரில் போகாமல் வகுப்பே சேர்ந்து கையெழுத்திட்டுப் போக வேண்டும். அரசுக் கல்லூரியில் கட்டணமே சொற்பம், இதில் என்ன இழப்பு என்போரும் உண்டு. ஷிப்ட் வருமானத்தை விட்டுவிட்டுப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் வீட்டில், ஒரு பருவம் பிந்துவது கட்டணத்தைவிடப் பெரிய செலவு.

2018இல் பிரிட்டனில் ஓய்வூதியத்துக்காகப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் 14 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, மாணவர் புகார்கள் சுயேச்சையான குறைதீர்ப்பு அமைப்புக்குப் போயின. சிலவற்றில் பணம் திருப்பித் தரும்படி பரிந்துரை வந்தது. ஆசிரியர் சங்கம் அதனால் வலுவிழக்கவில்லை, பிறகும் போராடியது. நமக்குப் பணத்தைவிட வகுப்பே முக்கியம். ஆகவே ஆசிரியர் போராட்டத்தை முடிக்கும் ஒவ்வொரு உடன்பாட்டிலும் ஈடு வகுப்புகளுக்கான அட்டவணை எழுதப்பட வேண்டும். அது எழுதப்படும் இடத்தில் மாணவர் பிரதிநிதி இருக்க வேண்டும். கூலி ஒப்பந்தம் எழுதிப் பழகிய திருப்பூர் இதை முதலில் கேட்கலாம்.