எழுதிக் கொடுத்த வீடு: வைப்பின் தீவில் சொத்து மாற்றமும் முதியோர் பராமரிப்பும் (1920–2025)

ஆய்வுச் சுருக்கம்

முதுமையில் தங்களைப் பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில் பெற்றோர் உயிரோடிருக்கும்போதே பிள்ளைக்கு வீட்டை எழுதிக் கொடுக்கும் வழக்கத்தை, கொச்சிக்கு அருகிலுள்ள வைப்பின் தீவை மையமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. கொச்சி அரசின் வாரிசுச் சட்டங்கள், கேரள நிலச் சீர்திருத்தம், 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் ஆகிய மூன்று கட்டங்களின் வழியே இதன் வரலாறு தொடரப்படுகிறது. சொத்தோடு பிணைந்திருந்த பராமரிப்பு உரிமையைச் சட்டம் முதலில் பிரித்தது. பிறகு அதை மீண்டும் இணைக்க முயன்று வருகிறது. அந்த இணைப்பு இன்றும் பத்திரத்தின் வாசகத்தையே நம்பி நிற்கிறது என்பது இக்கட்டுரையின் முடிவு.

1. சிக்கல்

ஓர் ஒப்பீட்டிலிருந்து தொடங்கலாம். அமெரிக்காவில் 1965-இல், வறியோருக்கான மருத்துவ உதவியாக மெடிக்கெய்ட் திட்டம் தொடங்கியது. நீண்டகாலப் பராமரிப்புச் செலவை அரசு ஏற்க வேண்டுமானால் முதியவரின் கணக்கில் கொள்ளப்படும் சொத்து ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும். பல மாநிலங்களில் தனிநபருக்கு அது நெடுங்காலமாக 2,000 டாலர். வரம்புக்கு மேல் உள்ளதைச் செலவழித்துத் தீர்த்த பிறகே உதவி வரும். பிள்ளைகள் பெயருக்கு மாற்றி வறுமை காட்டுவதைத் தடுக்க, விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்தாண்டுப் பரிமாற்றங்களைத் துருவிப் பார்க்கும் விதியும் உண்டு. முதியவர் இறந்த பிறகு அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து செலவை மீட்க வேண்டும் என்று 1993-ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலங்களைக் கட்டாயப்படுத்தியது.

இந்தியாவில் அப்படிப்பட்ட நீண்டகாலப் பராமரிப்புத் திட்டம் இல்லை. ஆனாலும் பராமரிப்புக்காகச் சொத்தைக் கைவிடும் வழக்கம் இங்கும் இருக்கிறது. அங்கே சொத்து மருத்துவ இல்லத்துக்கும் அரசுக்கும் போகிறது. இங்கே மகனுக்கோ மகளுக்கோ போகிறது. அங்கே சொத்து தீர்ந்த பின் அரசு பொறுப்பேற்கிறது. இங்கே பொறுப்பு ஒரு பிள்ளையின் மனச்சாட்சியிடம் விடப்படுகிறது. இந்த வேறுபாடு எப்படி உருவானது என்பதே நம் கேள்வி.

2. குடும்பச் சொத்திலிருந்து தனிச் சொத்துக்கு (1920–1956)

1341-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் உருவானதாகச் சொல்லப்படும் வைப்பினின் பெரும்பகுதி கொச்சி அரசில் இருந்தது. தாய்வழிக் கூட்டுக் குடும்பமான தறவாடு முறையில் நிலம் கூட்டுச் சொத்து. காரணவர் அதன் நிர்வாகி. தறவாட்டில் பிறந்தவர் எவராயினும், மூத்தோராயினும் குழந்தையாயினும், அந்தச் சொத்திலிருந்து சோறும் உடையும் பெறும் உரிமையுடையவர். முதுமை என்பதற்காகத் தனியாக எதையும் எழுதிக் கொடுக்கவோ எழுதி வாங்கவோ தேவையில்லை. இம்முறை பெண்களையும் இளையோரையும் காரணவரின் தயவில் நிறுத்தியது என்பதும் உண்மை. அதனால்தான் சீர்திருத்தம் எழுந்தது.

1920-இலும் 1938-இலும் கொச்சி நாயர் சட்டங்கள் வந்தன. கொல்லம் ஆண்டு (மலையாள நாட்காட்டி) 1107-இல் கொச்சி தீயர் சட்டமும் 1115-இல் மக்கத்தாயத் தீயர் சட்டமும் வந்தன. வைப்பினின் செராயில் பிறந்த சமூகச் சீர்திருத்தவாதி சகோதரன் அய்யப்பன் 1928 முதல் கொச்சி சட்டசபையில் செயல்பட்ட காலம் இது. பாகப்பிரிவினையும் தந்தைவழி வாரிசுரிமையும் தனிமனிதருக்கு நிலத்தின் மீது முழு ஆளுமை தந்தன. கேரளக் கூட்டுக் குடும்ப ஒழிப்புச் சட்டம் (1975) எஞ்சியிருந்த கூட்டுச் சொத்தையும் முடித்துவைத்தது.

விடுதலை தந்த இந்தச் சட்டங்கள் ஓர் இடைவெளியையும் விட்டுச் சென்றன. சொத்து தனிச் சொத்தானபோது, அதிலிருந்து பராமரிப்புப் பெறும் உரிமை கரைந்தது. முதிய பெற்றோரைக் காக்கும் கடமை 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் 20-ஆவது பிரிவில் இந்துக்களுக்கு மட்டும் எழுதப்பட்டது. 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இடமிருந்தது, பெற்றோருக்கு இல்லை. 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 125-ஆவது பிரிவே சமய வேறுபாடின்றி எல்லாப் பெற்றோருக்கும் ஜீவனாம்சம் கேட்கும் வழியைத் திறந்தது. கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் வாழும் வைப்பினில் இந்த மாற்றம் முக்கியமானது.

3. பத்து சென்ட் உடைமை (1970–2004)

வைப்பினின் உழைக்கும் குடும்பங்கள் பலவற்றுக்குச் சொத்து என்ற ஒன்று கிடைத்தது நிலச் சீர்திருத்தத்தால்தான். 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்த குடிகிடப்புக்காரருக்கு மனையை விலைக்குப் பெறும் உரிமை தந்தது: ஊராட்சிகளில் 10 சென்ட், சிறு நகராட்சிகளில் 5 சென்ட், மாநகரங்களில் 3 சென்ட். தண்ணீருக்கு அந்தப் பக்கம் 1967-இலேயே கொச்சி மாநகராட்சியில் சேர்ந்துவிட்ட மட்டாஞ்சேரியில் 3 சென்ட். இந்தப் பக்கம் ஞாறக்கல், நாயரம்பலம் போன்ற ஊராட்சிகளில் 10 சென்ட்.

மீன்பிடித்தும் கயிறு திரித்தும் வாழ்ந்த அந்தத் தலைமுறைக்கு வங்கிச் சேமிப்போ ஓய்வூதியமோ கிடையாது. அந்த மனைதான் மகளின் கல்யாணச் செலவுக்கு அடமானம். முதுமைக்குக் காப்பும் அதுவே. 1980-இல் விவசாயத் தொழிலாளர் ஓய்வூதியம் மாதம் 45 ரூபாயில் தொடங்கியது. 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மீனவர் நலநிதி அமைந்தது. இவை கைச்செலவுக்கு உதவின. படுக்கையில் விழுந்தவரைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளைத் தரவில்லை.

2004-இல் கோஸ்ரீ பாலங்கள் திறக்கப்பட்டதும் படகை நம்பியிருந்த தீவு எறணாகுளத்தின் புறநகராயிற்று. மனை விலை உயர்ந்தது. கையில் காசில்லாத முதியவரின் பெயரில் மதிப்புள்ள நிலம் என்ற நிலை உருவானது. அவரால் அதைத் துண்டாக விற்று மாதச் செலவு நடத்த முடியாது. 2007-08 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட தலைகீழ் அடமானத் திட்டம், வீட்டை வங்கியிடம் வைத்து ஆயுள் முழுதும் அங்கேயே இருந்துகொண்டு மாதப்பணம் பெற வழி சொன்னது. பட்டா சிக்கலும் வீடு பிள்ளைகளுக்கே என்ற மனநிலையும் சேர்ந்து அதை வேரூன்ற விடவில்லை. எஞ்சிய வழி ஒன்றே: கூட இருக்கும் பிள்ளைக்குத் தானப் பத்திரமாகவோ (இஷ்டதானம்) ஏற்பாட்டுப் பத்திரமாகவோ (தனநிச்சய ஆதாரம்) எழுதிக் கொடுப்பது. குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைத் தீர்வை கிரயப் பத்திரத்தைவிட மிகக் குறைவு என்பதும் இதற்குத் துணையானது.

4. பிரிவு 23-உம் அதன் விளக்கங்களும் (2007–2025)

1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 126-ஆவது பிரிவின்படி, கொடுத்த தானத்தைக் கொடுத்தவர் தம் விருப்பத்துக்குத் திரும்பப் பெற முடியாது. அன்பினால் என்று எழுதிக் கொடுத்த தாய், பிறகு அன்பு கிடைக்கவில்லை என்று நீதிமன்றம் ஏறினால் இந்தச் சுவர் குறுக்கே நிற்கும்.

2007-ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு அதில் ஒரு வாசலைத் திறந்தது. அடிப்படை வசதிகளையும் உடல் தேவைகளையும் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்து மாற்றப்பட்டு, பெற்றவர் அதைச் செய்யத் தவறினால், அந்த மாற்றம் மோசடியாலோ வற்புறுத்தலாலோ நடந்ததாகக் கருதப்படும். இச்சட்டத்தின்படி அமையும் தீர்ப்பாயம் அதைச் செல்லாததாக்கலாம். சட்டம் நடைமுறைக்கு வந்த பின் எழுதிய பத்திரங்களுக்கே இது பொருந்தும். வைப்பின் கொச்சி வட்டத்தில் அடங்குவதால் இங்கிருந்து மனுக்கள் ஃபோர்ட் கொச்சி வருவாய்க் கோட்ட அலுவலரின் தீர்ப்பாயத்துக்குப் போகின்றன.

நிபந்தனை பத்திரத்தில் வெளிப்படையாக இருக்க வேண்டுமா, உறவிலிருந்தே ஊகிக்கலாமா என்பதில் கேரள உயர் நீதிமன்ற அமர்வுகள் முரண்பட்டன. 2020-இல் சுபாஷிணி வழக்கில் முழு அமர்வு, நிபந்தனை ஆவணத்திலேயே இருக்க வேண்டும் என்று முடிவு செய்தது. 2022 டிசம்பரில் சுதேஷ் சிக்காரா வழக்கில் உச்ச நீதிமன்றமும் நிபந்தனை நிரூபிக்கப்பட வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில் அதே நீதிமன்றம், இது நலச் சட்டம், தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று கூறித் தாய் எழுதிய தானப் பத்திரத்தை ரத்துசெய்தது. அங்கே பராமரிப்பு உறுதிமொழி தனி ஆவணமாகவும் இருந்தது. 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் ஒருபடி மேலே சென்று, அன்பும் பாசமும் கருதி எழுதுவதிலேயே நிபந்தனை உள்ளடங்கியிருக்கிறது என்றது.

ஆகவே ஒரே வாசகமுள்ள பத்திரம் ஒரு நீதிமன்றத்தில் ரத்தாகலாம், இன்னொன்றில் நிலைக்கலாம். வயதான ஒருவரின் கடைசி ஆண்டுகள் பத்திரம் எழுதியவர் சேர்த்த அல்லது விட்ட ஒரு வரியைச் சார்ந்திருப்பது நியாயமில்லை.

5. அரசின் பக்கம்

கேரளத்தின் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் 2025 நவம்பர் முதல் மாதம் 2,000 ரூபாய். ஆண்டுக் குடும்ப வருமானம் ஒரு லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நில வரம்பு 2 ஏக்கர். சென்ட் கணக்கில் நிலம் வைத்திருக்கும் வைப்பின் முதியவருக்கு இந்த நில வரம்பு தடையே இல்லை. அதாவது, வீட்டை எழுதிக் கொடுப்பதால் அரசு உதவியில் அவருக்கு எந்தப் புதிய தகுதியும் சேர்வதில்லை. கையிலிருந்த பிடிமானம் மட்டும் போகிறது. 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு மாவட்டம்தோறும் முதியோர் இல்லம் பேசுகிறது. அதுவும் வாழ வழியற்றவர்களுக்கே. வெறுங்கையாக நின்றால்தான் இடம் என்ற அமெரிக்கத் தர்க்கம் இங்கும் எட்டிப் பார்க்கிறது.

மாற்று வழிக்குக் கேரளமே சான்று. 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிநிவாரண இயக்கம் 2008-இல் அரசின் பாலியேட்டிவ் கொள்கையாயிற்று. ஊராட்சியின் செவிலியர் படுக்கையில் கிடப்பவரின் வீட்டுக்கு வரும்போது புண்ணைப் பார்க்கிறார், பத்திரத்தைக் கேட்பதில்லை. ஜப்பான் 2000-இல் தொடங்கிய பராமரிப்புக் காப்பீடும் தேவையின் அளவை வைத்தே தகுதியைத் தீர்மானிக்கிறது. 2021-இல் மக்கள்தொகையில் 16.5 சதவீதம் அறுபது வயதைக் கடந்தவர்கள் எனக் கணிக்கப்பட்ட மாநிலம், 2025-இல் நாட்டிலேயே முதலாவதாக முதியோர் ஆணையத்துக்குச் சட்டம் இயற்றியது. அந்த ஆணையத்துக்கு இங்கே வேலை இருக்கிறது.

6. முடிவுரை

இந்த நூறாண்டு வரலாறு மூன்று செயல்களைக் கோருகிறது. முதலாவது, குடும்பத்துக்குள் எழுதும் எந்தத் தானப் பத்திரத்திலும் பெற்றோரின் ஆயுள்கால அனுபவ உரிமையும் பராமரிப்பு நிபந்தனையும் தனி வரிகளாக இடம்பெற வேண்டும்; அவை வேண்டாம் என்றால் பெற்றோரே அதைச் சார்பதிவாளர் முன்னிலையில் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டாவது, நிபந்தனையை ஊகிக்கலாமா என்ற குழப்பத்தை நாடாளுமன்றம் 23-ஆவது பிரிவைத் திருத்தி, முதியவருக்குச் சாதகமாகத் தீர்க்க வேண்டும். மூன்றாவது, வீட்டுவாசலுக்கு வரும் பாலியேட்டிவ் பராமரிப்பை அன்றாட உதவிக்கும் விரிக்க வேண்டும். முதல் இரண்டும் பிள்ளையின் கடமையைக் காக்கும். பிள்ளை அயல்நாட்டிலோ வறுமையிலோ இருக்கும் வீடுகளில், இல்லாமலே போன வீடுகளில், மூன்றாவது மட்டுமே பயன்படும். எழுதிக் கொடுக்க ஒரு சென்ட்கூட இல்லாத முதியவருக்கும் கவனிப்பு கிடைக்கும் நாளில்தான், இருப்பவர் அச்சமின்றித் தம் பிள்ளைக்கு எழுதிக் கொடுக்க முடியும்.