முதலும் சினையும்: ஓர் ஆங்கில வாக்கியத்தின் இலக்கண வரலாறு

கொட்டாஞ்சேனையில் யான் ஆங்கிலம் கற்பிக்கும் வகுப்பொன்றிலே, ‘அவன் பையனைத் தலையில் அடித்தான்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதுமாறு மாணாக்கரைப் பணித்தேன். ஒருவன் ‘ஹீ ஹிற் ரு த போய்ஸ் ஹெட்’ என்று எழுதினான். ‘ரு’ என்பதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, ‘ஹீ ஹிற் த போய் ஒன் த ஹெட்’ என மேலே எழுதிக் கொடுத்தேன். “ஏன் சேர்?” என்றான். “ஆங்கிலேயர் அப்படித்தான் சொல்லுவர்” என்றேன். அவன் அமர்ந்துவிட்டான், எனக்குத்தான் மனம் அமரவில்லை. இலக்கணம் கற்பிப்போன் ஒருவன் கூறத்தக்க விடையோ அது?

அம்மாணவனின் பிழைக்குக் காரணம் தேடுதல் அரிதன்று. நம் பேச்சுவழக்கிலே ‘பையனுக்கு அடித்தான்’ என நான்காம் வேற்றுமை பயில்கின்றது. அண்டை வீட்டுச் சிங்களத்திலும் அடித்தற் பொருள் தரும் வினை அவ்வேற்றுமையையே அவாவும். எனவே அவன் தன் காதிற் கேட்டதையே ஆங்கிலமாக்கினான். ஆயினும் என் வினா வேறு. அடித்தான், வெட்டினான் என்றாற்போலும் இறந்தகால வினைமுற்றுக்கு ‘பையனது தலையை’ என உடைமைப் பொருள்பட்ட செயப்படுபொருளும் வரலாம். ‘பையனை’ என முழுமையைச் செயப்படுபொருளாக்கி, ‘தலையின்கண்’ என உறுப்பை இடமாக்கிக் கூறுதலும் அமையும். ஆங்கிலத்தின் இவ்விரு வாய்பாடுகளையும் நம் மாணாக்கர்க்கு விளக்க நம்மவரிடம் ஏதேனும் கருவி இருந்ததோ?

இருந்தது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்து வேற்றுமை மயங்கியலிலே அது கூறப்பட்டுள்ளது. முழுப்பொருளை முதல் என்றும், அதன் உறுப்பைச் சினை என்றும் கூறுதல் நம் இலக்கண மரபு. முதற்பெயர் ஆறாம் வேற்றுமை ஏற்பின், சினைப்பெயர் இரண்டாம் வேற்றுமை ஏற்கும். முதற்பெயர் இரண்டாவதை ஏற்பின், சினைப்பெயர் கண் என்னும் ஏழாவதை ஏற்றல் தெளிவு. இதுவே விதியின் சாரம். உரையாசிரியர் யானையையும் அதன் கோட்டையும் உதாரணமாக்குவர். யானையது கோட்டை வெட்டினான் எனலாம். யானையைக் கோட்டின்கண் வெட்டினான் எனவும் ஆம். என் மாணவன் கேட்ட ‘ஒன் த ஹெட்’ என்பதற்கு இதனினும் அணித்தான விளக்கம் வேறு யாது? பவணந்தியாரும் நன்னூலில் இவ்விதியை ஏற்றுக்கொண்டார்.

இவ்விதியையடுத்துத் தொல்காப்பியர் கூறுவது இன்னும் நுண்ணிது. முதல், சினை என்பன பொருளின் இயல்பால் நிலைபெற்றவையல்ல. சொல்லுவான் குறிப்பால் அமைவன என்கின்றார். யானையை நோக்கக் கோடு சினை. கோட்டின் நுனியை நோக்க அக்கோடே முதல். ஒரு நிகழ்ச்சியை எவ்வாறு பகுத்துக் காண்கின்றோம் என்பதே வேற்றுமையைத் தீர்மானிக்கும் என்னும் கருத்து இதனுள் அடங்கியிருத்தல் காண்க.

இனி, ஆங்கில இலக்கணமும் இத்தமிழிலக்கணமும் ஈழத்திலே சந்தித்த இடமொன்று உண்டு. அமெரிக்க மிஷனரிமார் 1823ஆம் ஆண்டு வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியே அது. 1855இல் மூடப்படும்வரை ஆங்கிலமும் தமிழும் அங்கு ஒரே கூரையின் கீழ்ப் போதிக்கப்பட்டன. அங்கே பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை, விசுவநாதபிள்ளை ஆகிய இருவருமே சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். இவருள் தாமோதரம்பிள்ளை 1868இல், ஆறுமுக நாவலர் பரிசோதித்த சேனாவரையர் உரையுடன் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தை அச்சேற்றினார். நாவலரும் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் ஆங்கிலம் கற்றவர். பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர். இரு இலக்கணமும் ஒரே தலையில் இருந்த காலம் அது. யானைக் கோட்டு விதியை அச்சுப்பிரதியிலே திருத்தியபோது, தாம் பயின்ற ஆங்கில வாக்கியம் அவர்க்கு நினைவில் வந்திராதோ என எண்ணிப் பார்க்கின்றேன். வந்திருப்பினும் அதனைப் பாடநூலாக்க அன்று அவசியமிருக்கவில்லை.

அக்காலத்து ஆங்கில இலக்கண நூல்களோ இலத்தீனை அடியொற்றியவை. 1795இல் வெளியான லிண்ட்லி மறேயின் நூலும் அதன் வழிநூல்களும் சொல்லைச் சொல்லாகப் பிரித்து இலக்கணங் கூறப் பழக்கின. அம்முறையில் ‘போய்ஸ்’ உடைமை வேற்றுமை, ‘ஹெட்’ செயப்படுபொருள் என்று கூறி முடித்துவிடலாம். வினை எவ்வெவற்றைத் தன்பின் அவாவும் என்பது அங்கே முதன்மை பெறவில்லை.

அதற்கு முதன்மை கொடுத்தோர், ஆங்கிலத்தை அயன்மொழியாகக் கற்பித்த ஆசிரியர்களேயாவர். ஹரோல்ட் பாமர் 1922இல் தோக்கியோ சென்றார். யப்பானிய மாணாக்கர் எங்கே இடறுகின்றனர் என்பதை நேரிற் கண்டு, வினைகளை அவற்றின் வாய்பாட்டால் வகுக்கத் தொடங்கினார். அவர் வழிவந்த ஏ. எஸ். ஹோர்ன்பி, கேற்றன்பி, வேக்பீல்ட் என்பாருடன் தொகுத்த அகராதி 1942இல் தோக்கியோவிலேயே அச்சாயிற்று. ஒக்ஸ்போர்ட் பதிப்பகம் 1948இல் அதனை மறுபதிப்புச் செய்தது. 1954இல் வந்த ஹோர்ன்பியின் வாய்பாட்டு நூல் வினைகளை இருபத்தைந்து வாய்பாடுகளுள் அடக்கிற்று. வினையும், செயப்படுபொருளும், முன்னிடைச்சொல்லேற்ற பெயரும் தொடர்ந்து வருதல் அவற்றுள் ஒன்று. அயன்மொழி மாணவனின் பிழையிலிருந்தே ஆங்கிலத்துக்கு இவ்விலக்கணம் பிறந்தது என்பது ஆசிரியராகிய நாம் மகிழத்தக்க செய்தி.

சென்னை மாநிலத்தில் ஐம்பதுகளில் அமைப்புமுறைப் பாடத்திட்டம் பரவிற்று. ஈழத்திலோ 1945இன் இலவசக் கல்வியையடுத்துத் தாய்மொழி போதனாமொழியாகி, ஆங்கிலம் இரண்டாம் மொழியாயிற்று. வாய்பாட்டுப் பயிற்சி வகுப்பறைக்கு வந்தது. ஆனால் தாய்மொழியின் நிழலும் படலாகாது என்னும் கொள்கையும் உடன் வந்தது. விளைவு யாதெனில், முதல், சினை என்பன ஒரு பாடவேளையிலும், ‘ஒன் த ஹெட்’ மற்றொரு பாடவேளையிலும் நடக்க, இடையிலுள்ள சுவரை எவரும் கடந்திலர். யானும் அவ்வாறே பயின்றேன். வெளிவாரிப் பட்டப் பரீட்சைக்கு இரவுகளில் ஆயத்தம் செய்தபோது, சேனாவரையம் மேசையின் ஒரு புறத்திலும் ஹோர்ன்பி மறுபுறத்திலும் கிடந்தன. ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட எனக்குத் தோன்றவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கின்றேன். இத்தனைக்கும் பி. சா. சுப்பிரமணிய சாஸ்திரியார் செய்த சொல்லதிகார ஆங்கில மொழிபெயர்ப்பு 1945இலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழக வெளியீடாக வந்துவிட்டது.

அமெரிக்க மொழியியலறிஞர் சார்ள்ஸ் ஃபில்மோர் 1970இல் அடித்தலையும் உடைத்தலையும் பற்றிக் கட்டுரையொன்று எழுதினார். அவனது காலை அடித்தேன் எனலாம், அவனைக் காலில் அடித்தேன் எனவுமாம்; அவனது காலை உடைத்தேன் எனலாம், அவனைக் காலில் உடைத்தேன் என ஆங்கிலத்தில் வாராது. முன்னது ஒன்றன்மேற் படுதலைக் குறிக்கும் வினை. பின்னது ஒன்றன் நிலையை மாற்றும் வினை. வாய்பாட்டைப் பட்டியலிடுதலோடு நில்லாது அதன் காரணத்தையும் காட்டியது அக்கட்டுரை.

இவ்விடத்தே நாம் அவசரப்பட்டுப் பெருமை பேசுதல் கூடாது. ஃபில்மோர் காட்டிய வேறுபாடு தொல்காப்பிய விதியில் இல்லை. ‘அவனைக் காலில் முறித்தான்’ என்பது இன்றைய தமிழ்க் காதுக்கும் ஒவ்வாது. ‘யானையைக் கோட்டின்கண் வெட்டினான்’ என்பதும், கோடு துண்டாகி வீழ்ந்தது என்னும் பொருளில், நமக்குச் சற்றே நெருடுகின்றது. பண்டை வழக்கில் அது தடையின்றி வழங்கியதோ, உரைகாரர் விதிக்கேற்ப உதாரணத்தை அமைத்தனரோ என்பது தமிழாசிரியர் ஆராயற்பாலது.

மற்றோரிடத்திலும் நம் விதி துணைசெய்யாது. ‘கையைப் பையினுள் இட்டான்’ என்றால் யாருடைய கை என எவரும் வினவார். ஆங்கிலமோ ‘ஹீ புற் ஹிஸ் ஹான்ட் இன் ஹிஸ் பொக்கெற்’ என இருமுறை உடைமையை வலியுறுத்தும். பிறனை அடித்தபோது மட்டும் ‘ஒன் த ஹெட்’ என அதனை விட்டுவிடும். முழுமை முன்னரே பெயர் சுட்டப்பட்டதனால் உறுப்புக்கு மீண்டும் உடைமை வேண்டுவதில்லை என்பது என் விளக்கம். தலைக்கு ‘ஒன்’, வயிற்றுக்கு ‘இன்’, கையைப் பற்றுதற்கு ‘பை’ என வரும் வேறுபாட்டையோ பயிற்சியாலன்றிக் கற்பிக்க இயலாது. போதாக்குறைக்கு ‘ஹிற்’, ‘கட்’, ‘புற்’ மூன்றும் இறந்தகாலத்தில் உருமாறுவதில்லை. நிகழ்காலத்து ‘ஸ்’ விகுதியை மறக்கும் மாணவனிடம் காலத்தை எங்கே தேடுவது?

அடுத்த வாரம் கரும்பலகையை நடுவே கோடிட்டுப் பிரித்தேன். இடப்பக்கம் யானையையும் கோட்டையும், வலப்பக்கம் பையனையும் தலையையும் எழுதினேன். பின்வரிசையிலிருந்த அதே மாணவன் எழுந்து, “சேர், அப்ப யானைக்கும் ‘ஒன்’தானா?” என்றான்.