போர்க் கணக்கும் சேரிக் கணக்கும்

1778இல் ஆங்கிலேயப் படை நம் புதுச்சேரியை முற்றுகையிட்டுப் பிடித்தது. அமெரிக்க விடுதலைப் போரில் பிரான்ஸ் இறங்கியதன் விளைவு அது. அந்தப் போர் நடந்துகொண்டிருந்த 1781இல், பிரெஞ்சு நிதிப் பொறுப்பாளர் ழாக் நெக்கர் அரசின் வரவு செலவை அச்சிட்டு மக்கள் முன் வைத்தார். இந்த ஊரை ஆண்ட பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகத்தில் முன்பு இருந்தவர் அவர். அந்தக் கணக்கு ஒரு கோடி லிவ்ர் உபரி காட்டியது. கடன் வாங்கி நடத்திய போரின் செலவோ, 'அசாதாரணச் செலவு' என்று அதற்கு வெளியே நின்றது. சேர்க்க வேண்டியதை விட்டுவிட்டால் பற்றாக்குறையும் உபரியாகிவிடும்.

எட்டாண்டுகளில் புரட்சி வெடித்தது. 1789இன் மனித உரிமைப் பிரகடனம், அரசு ஊழியர் ஒவ்வொருவரிடமும் கணக்குக் கேட்கும் உரிமை சமூகத்துக்கு உண்டு என்று 15ஆம் பிரிவில் எழுதி வைத்தது.

அந்த உரிமையை இங்கே பயன்படுத்திக் காட்டியவர் அண்ணல் அம்பேத்கர். 1951இல் அமைச்சர் பதவியிலிருந்து விலகியபோது, ஆண்டு வருவாய் 350 கோடியில் இராணுவத்துக்கு மட்டும் சுமார் 180 கோடி போகிறது என்று தம் அறிக்கையில் சுட்டிக்காட்டினார். பட்டியல் சாதியினர் புறக்கணிக்கப்படுவதைக் கண்டித்ததும் அதே அறிக்கைதான். எண்கள் கையில் இருந்ததால் அவரால் கேட்க முடிந்தது.

இன்று? 2016 செப்டம்பரில் பிரான்சிடம் 36 ரஃபேல் விமானங்களுக்கு ஒப்பந்தம் ஆனது. மொத்தம் சுமார் 787 கோடி யூரோ. ஏறக்குறைய 59,000 கோடி ரூபாய். அதே நவம்பரில் மக்களவையில் அரசு சொன்ன விலை, விமானம் ஒன்றுக்குச் சுமார் 670 கோடி. மொத்தத்தை 36ஆல் வகுத்தால் 1,600 கோடியைத் தாண்டுகிறது. ஆயுதங்கள், இந்தியாவுக்கான மாற்றங்கள், உதிரிபாகங்கள், பராமரிப்பு எல்லாம் அந்த 670க்கு வெளியே. விவரம் கேட்டபோது 2008ஆம் ஆண்டின் ரகசிய ஒப்பந்தத்தைக் காட்டினார்கள். உச்ச நீதிமன்றத்துக்கு விலை விவரம் மூடிய உறையில் போனது. 2019இல் வந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, பழைய பேரத்தைவிட 2.86 விழுக்காடு மலிவு என்றது, விலைகளை மறைத்துவிட்டது.

ஆயுதத்தின் நுட்பம் ரகசியமாக இருக்கலாம். நாம் கட்டிய வரி எவ்வளவு போனது என்பதுமா ரகசியம்?

இதைத் தலித் இளைஞர்கள் ஏன் படிக்க வேண்டும்? நம் சிறப்புக்கூறு நிதியில் இதே வித்தை தலைகீழாக நடக்கிறது. மக்கள்தொகைக்கு ஏற்ற பங்கு என்பதே 1979 முதல் அதன் அடிப்படை. புதுச்சேரியில் பட்டியல் சாதியினர், 2011 கணக்குப்படி, 15.7 விழுக்காடு. ஆனால் நாடெங்கும் தலித் அமைப்புகள் காட்டிவருவது என்ன? எல்லோருக்குமான பொதுத் திட்டங்களின் ஒரு பகுதியை நம் பெயரில் எழுதித் தொகையைப் பெரிதாக்குகிறார்கள். சாலை போட்டாலும் அதில் ஒரு பங்கு நமக்காம்!

ஆயுதக் கணக்கில் செலவை வெளியே தள்ளுகிறார்கள். சேரிக் கணக்கில் பொதுச் செலவை உள்ளே திணிக்கிறார்கள். அது சிறிதாகத் தெரிகிறது, இது பெரிதாகத் தெரிகிறது.

ஆகவே தோழர்களே, பட்ஜெட் தாள் கைக்கு வந்ததும் தொகையைப் பார்த்து நின்றுவிட வேண்டாம். இதற்குள் என்ன இருக்கிறது, எதை வெளியே விட்டார்கள் என்று கேட்போம். பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுவோம்.

ஜெய்பீம்.