சனவரியில் மறையும் பறவை: அனுமன் உப்புக்கொத்தியும் கணக்கெடுப்பின் பருவமும்

உப்புக்கொத்தி உப்பைக் கொத்துவதில்லை. உவர்ச் சேற்றில் பிழைக்கும் ஈக்கள், புழுக்கள், சிறு ஓட்டுடலிகள் ஆகியவையே அதன் இரை. உள்ளான்கள் நீண்ட அலகைச் சேற்றுக்குள் செருகித் தொட்டறிந்து உண்ணும். உப்புக்கொத்தி கண்ணை நம்பி வாழ்வது: நாலெட்டு ஓடும், சட்டென நிற்கும், குனிந்து கொத்தும், மறுபடி ஓடும். உப்பள வரப்பில் நின்று பார்ப்பவருக்கு அது உப்புக் கல்லைப் பொறுக்குவதாகத்தான் தோன்றும். இரையைத் தவறாகச் சொன்ன இப்பெயர் இடத்தைச் சரியாகச் சொல்லிவிட்டது. இக்கட்டுரைக்கு வேண்டியதும் அந்த இடமே.

மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் வாழும் ஓர் உப்புக்கொத்தி, 2023-இல் தனிச் சிற்றினம் என்ற தகுதியைப் பெற்றது. அனுமன் உப்புக்கொத்தி என்று இப்போது அழைக்கப்படும் இதைப் ‘புதிய பறவை’ என்பது பொருந்தாது. அது எப்போதும் இங்கேதான் இருந்தது; ஏட்டில் வேறொரு பறவையின் பெயருக்குக் கீழே கிடந்தது. அந்தப் பிழை வகைப்பாட்டில் திருத்தப்பட்டுவிட்டது. நாம் பறவைகளை எண்ணும் முறையில் அதே பிழை இன்னும் நீடிக்கிறது என்பதே என் வாதம்.

அந்த வேறொரு பறவை கெண்டிஷ் உப்புக்கொத்தி. லின்னேயஸ் 1758-இல் எகிப்தின் அலெக்சாந்திரியாவை வைத்து அதற்கு அறிவியல் பெயரிட்டார். 1787-இல் இங்கிலாந்தின் கெண்ட் பகுதியில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு ஜான் லாதம் தந்தது ஆங்கிலப் பெயர். இன்று அப்பறவை பிரிட்டனில் முறையாகக் கூடு வைப்பதே இல்லை. இருந்தும் மேற்கு ஐரோப்பா முதல் ஜப்பான் வரையிலும், ஒரு காலத்தில் அமெரிக்கக் கரைகளிலும்கூட, இதையொத்த சிறு வெளிர் உப்புக்கொத்தி எது கண்ணில் பட்டாலும் கெண்டிஷ் என்றே பதிவாயிற்று.

இலங்கைப் பறவை சிறியதாகவும் வேறுபட்டதாகவும் இருப்பதைக் கண்டு, 1915-இல் பறவையியலாளர்கள் எர்ன்ஸ்ட் ஹார்ட்டெர்ட்டும் ஆனி ஜாக்சனும் அதற்கு ‘சீபோமி’ என்று பெயரிட்டனர். ஷெஃபீல்டின் எஃகு உற்பத்தியாளரும் உப்புக்கொத்திக் குடும்பத்தின் உலகப் பரவலைப் பற்றிப் பெருநூல் எழுதியவருமான ஹென்றி சீபோமின் நினைவாக இட்ட பெயர் அது. ஜாக்சனைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கரைப்பறவைகளின் இறகுதிர்வை நுணுகிக் கற்றவர் அவர். 1928-இல் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து இறந்தார். அவருடைய கணவர் ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகனோ, அருங்காட்சியக மாதிரிகளைத் திருடிப் பொய்ச்சீட்டு ஒட்டியவர் என்று பின்னாளில் அம்பலமானார். பறவையியல் வரலாறு அந்தக் கணவருக்கு ஒதுக்கிய பக்கங்களில் பத்தில் ஒன்றையாவது மனைவிக்குத் தந்திருக்கலாம். அவர் பிரித்துக் காட்டிய பறவையும் துணைச் சிற்றினமாகவே பல பத்தாண்டுகள் அடங்கிக் கிடந்தது.

இடைப்பட்ட காலத்தில் கெண்டிஷ் என்ற பெரும் மூட்டை ஒவ்வொரு முடிச்சாக அவிழ்ந்தது. தென்சீனக் கரையில் பறவையியலாளர் ஸ்வின்ஹோ 1870-இல் விவரித்து, பிறகு எல்லோரும் மறந்துபோன வெண்முக உப்புக்கொத்தியை 2008-இல் மீண்டும் கவனத்துக்குக் கொண்டுவந்தார்கள். அமெரிக்கப் பறவை 2011-இல் தனிச் சிற்றினமாயிற்று. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சம்பத் செனவிரத்ன உள்ளிட்ட பன்னாட்டுக் குழு, உடலளவுகள், இறகு நிறம், மரபணு மூன்றையும் ஒப்பிட்டு 2023-இல் சீபோமியைப் பிரித்தது. இதன் இறக்கையும் வாலும் கெண்டிஷுடையவற்றைவிடக் குறுகியவை. இனப்பெருக்கக் காலத்து ஆணுக்கு அலகுக்கும் கண்ணுக்கும் இடையே கறுப்பு குறைவு. நெடுந்தூர வலசை கிடையாது. மூதாதையிடமிருந்து இது கிளைத்தது ஏறத்தாழ 12 லட்சம் ஆண்டுகளுக்கு முன் என்பது அவர்கள் மதிப்பீடு.

இப்படிப் பிரித்துக்கொண்டே போனால் எங்கே நிறுத்துவது என்று கேட்போர் உண்டு. நிதியும் பாதுகாப்பும் வேண்டிச் சிற்றினங்களைப் பெருக்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டும் புதிதல்ல. அதைப் பொதுவில் நான் மறுக்கவில்லை. மரபணு வேறுபாடு எந்த அளவைத் தாண்டினால் சிற்றினம் என்பதற்கு இயற்கை கோடு கிழித்து வைக்கவில்லை. ஆனால் இந்த வழக்கில் அந்த ஐயம் எடுபடாது. கெண்டிஷும் வெண்முகமும் தமக்குள் பிரிவதற்கு முன்பே சீபோமி தனிக்கிளையாகிவிட்டது. வெண்முகத்தைத் தனியாக ஏற்றுக்கொண்டு சீபோமியைக் கெண்டிஷுக்குள் வைப்பது, பங்காளிக்குச் சொத்தைப் பிரித்துக் கொடுத்தபின் தூரத்து உறவினரை உடன்பிறந்தவர் என்று ரேஷன் அட்டையில் எழுதுவதற்குச் சமம். சேர்ப்பதானால் மூன்றையும் சேர்க்க வேண்டும். இல்லையேல் மூன்றும் தனித்தனி.

ஏட்டில் தீர்ந்த சிக்கல் களத்தில் தீரவில்லை. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் சனவரியில் நடக்கிறது. வலசைப் பறவைகள் வந்து நிறைந்திருக்கும் மாதம் என்பதால் அந்நோக்கத்துக்கு அது சரியான தேர்வு. கோடியக்கரை 2002-இலும் மன்னாரின் வங்காலை 2010-இலும் ராம்சர் உடன்படிக்கையின் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றதில் வலசைப் பறவைகளின் எண்ணிக்கைக்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் அதே சனவரியில் வடக்கிலிருந்து வந்த கெண்டிஷ் உப்புக்கொத்திகளும் இங்கே மேய்கின்றன. இனப்பெருக்கக் கோலம் களைந்த பறவைகளை, அதுவும் கானல் அலையும் சேற்றுவெளியில் அரைக் கிலோமீட்டர் தள்ளி, அலகடிக் கறுப்பை வைத்துப் பிரிப்பது தேர்ந்த கண்ணுக்கும் கடினம். படிவத்தில் ஒரே வரியில் ஒரே எண்ணாக ஏறிவிடும். உள்ளூர்ப் பறவை பாதியாகக் குறைந்து, விருந்தாளிகள் அந்த ஆண்டு சற்றே கூடுதலாக வந்திருந்தால், எண்ணிக்கை சீராக இருப்பதாகவே அறிக்கை சொல்லும். பரந்து வாழும் கெண்டிஷுக்குச் செம்பட்டியல் தந்திருக்கும் ‘கவலை குறைந்தது’ என்ற தகுதியின் நிழலில் இந்தச் சிறு பறவையும் இத்தனை காலம் நின்றது இப்படித்தான்.

வெயில் காலத்துக்கு வாருங்கள். வடகிழக்குப் பருவமழையில் மூழ்கிய பாத்திகள் வற்றி, உப்பு வாரும் வேலை மும்முரமாக இருக்கும் மாதங்கள் அவை. வலசைப் பறவைகள் போய்விட்டிருக்கும். காப்பிடங்களைக் காண வருவோரும் குறைந்திருப்பர். இந்தப் பறவை கூடு வைப்பது அப்போதுதான். கூடு என்றால் வரப்போரத்திலோ காய்ந்த சேற்றிலோ ஒரு சிறு குழி. முட்டைகள் மண் நிறத்தில் புள்ளியிட்டவை. மிதித்த பிறகே தெரியும். கெண்டிஷ் வகையறாப் பறவைகள் கடும் வெயிலில் வயிற்றிறகை நீரில் நனைத்து வந்து முட்டைமேல் அமர்வது பதிவாகியிருக்கிறது. அடைகாக்கும் பறவையை மனிதரோ நாயோ எழுப்பிவிட்டால், உச்சிவெயிலில் சில நிமிடங்களே முட்டைக்குக் கேடாகலாம். காக்கை வேறு காத்திருக்கும். உப்பளத் தொழிலாளியை இதில் குற்றவாளியாக்குவது எளிது, தவறும்கூட. எந்த வரப்பில் எந்த வாரம் குஞ்சு ஓடியது என்பது அவருக்குத் தெரியும். அவரைக் கேட்பதற்கான படிவம்தான் நம்மிடம் இல்லை.

பெயரைப் பற்றியும் ஒரு குறை எனக்கு உண்டு. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் நீளும் மணல்திட்டுகளின் இருபுறமும் வாழ்வதால், பாலம் கட்டிய கதையை நினைத்து அனுமன் பெயரை வைத்தார்கள். கடலைத் தாவியவன் பெயர், நெடுந்தூரம் போகாததையே அடையாளமாகக் கொண்ட பறவைக்கு! இருந்தாலும் ‘கெண்டிஷ்’ என்பதைவிட இது மேல். இரு நாடுகளுக்கும் பொதுவான பொறுப்பு என்பதையாவது சொல்கிறது.

ஆகவே இரு கரைகளிலும் மே, சூன் மாதங்களில் ஒரு தனிக் கணக்கெடுப்பு தேவை. காப்பிட எல்லைக்குள் மட்டுமல்லாமல், வேதாரண்யம், தூத்துக்குடி, மன்னார் உப்பளங்களின் வரப்புகளிலும் அது நடக்க வேண்டும். அங்கும் தலைகளை எண்ணினால் போதாது. கரைப்பறவைகளில் முதலாண்டு இளம் பறவைகள் சில வடக்கே திரும்பாமல் கோடையை இங்கேயே கழிப்பதுண்டு. முட்டையுள்ள குழியும் ஓடும் குஞ்சும் மட்டுமே ஐயமற்ற சான்று. அவற்றைத் தேடி வரப்பில் நடப்பவர், பறவை எழுந்துபோன முட்டைகள் வெயிலில் கெடாமலிருக்க, காலை எட்டு மணிக்குள் வெளியேறிவிட வேண்டும்.