ரே பாரெட்டோ: ஆட வைக்கத் திரும்பிய கொங்கா

சால்சா என்பது நியூயார்க் வாழ் போர்ட்டோ ரிக்கோ மக்கள் கியூபத் தாளங்களிலிருந்து வளர்த்தெடுத்த நடன இசை. கேட்பவர் எழுந்து ஆடவில்லை என்றால் அது தோற்றுப்போனதாகவே அர்த்தம்!

அந்த இசையில் கொங்கா என்ற நீண்ட மேளத்தைக் கையால் வாசித்துப் பெயர் பெற்றவர் ரே பாரெட்டோ (1929-2006). பிறந்தது புரூக்ளினில். ராணுவ வீரராக ஜெர்மனியில் இருந்தபோது டிஸ்ஸி கில்லெஸ்பியின் இசைத்தட்டைக் கேட்டுத்தான் இசைக்கு வந்தார். அதனால் ஜாஸ் மோகம் அவரை விடவேயில்லை.

1972 இறுதியில் பாடகர் அடல்பெர்ட்டோ சாண்டியாகோ உட்பட குழுவின் முக்கியமானவர்கள் பிரிந்துபோய் 'டிபிகா 73' என்ற குழுவைத் தொடங்கினார்கள். பாரெட்டோ உடைந்துபோனார். ஆனாலும் 1973லேயே புதிய ஆட்களோடு 'இன்டஸ்ட்ரக்டிபிள்' ஆல்பத்தைக் கொடுத்தார். அட்டைப்படத்தில் சட்டையைத் திறந்து சூப்பர்மேனாக மாறுபவர் அவரேதான்!

பிறகு அட்லாண்டிக் நிறுவனத்துக்காக ஜாஸ் கலந்த ஆல்பங்கள் செய்தார். அவை உட்கார்ந்து கேட்பதற்கானவை.

1979ல், ஐம்பது வயதில், ஃபானியா நிறுவனத்துக்கே திரும்பி 'ரிக்கன்ஸ்ட்ரக்‌ஷன்' ஆல்பத்தை வெளியிட்டார். 'போர்ட்டோ ரிக்கன்' என்பதையும் 'மறுகட்டுமானம்' என்பதையும் சேர்த்த சிலேடைப் பெயர். முழுக்க ஆடுவதற்கான சால்சா. பாடியவர் யார் தெரியுமா? பிரிந்துபோன அதே சாண்டியாகோ!

2006ல் அமெரிக்க அரசு அவருக்கு 'ஜாஸ் மாஸ்டர்' விருது அளித்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் மறைந்தார். விருது தந்தது ஜாஸ்தான். ஆனால் உடைந்த உறவை ஒட்டவைத்தது சால்சா.